சொல்லிச் செய்யும் பூல் கியூ: பணம் எதற்குப் போகிறது, கண் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வி இது: ஐந்து வருடமாக பூல் (பில்லியர்ட்ஸ் வகை மேசை ஆட்டம்) ஆடுகிறேன், இதுவரை கையில் இருந்ததெல்லாம் தொழிற்சாலையில் செய்த கியூதான் (பந்தை அடிக்கும் கோல்). அமெரிக்காவில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லிச் செய்ய எண்ணம். நீளம், எடை, ஜாயின்ட் (கியூவின் இரண்டு துண்டும் சேரும் இடம்), மரம், ராப் (கைப்பிடியில் சுற்றுவது) என்று அவர் ஒரு பட்டியல் அனுப்பி நிரப்பித் தரச் சொல்கிறார். என்ன எழுதுவது? கிட்டத்தட்ட அதே விலைக்குப் பழைய கியூ ஒன்றும் வருகிறது, அதை எப்படிச் சோதிப்பது?

பட்டியலை நிரப்புவதற்கு முன் நீங்கள் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். என் ஷாஃப்டுக்கு (கியூவின் மெல்லிய முன் துண்டு) போகும் மேப்பிள் உங்கள் பட்டறைக்கு எப்போது வந்தது, இதுவரை எத்தனை தடவை கடைந்திருக்கிறீர்கள்? நல்ல கைவினைஞர் இந்தக் கேள்விக்கு ஆசையாகப் பதில் சொல்வார். சுற்றி வளைத்தால் யோசியுங்கள்.

ஷாஃப்ட் செய்வது வட அமெரிக்க ஹார்ட் மேப்பிளில், அதாவது சிரப் எடுக்கிறார்களே அந்த சுகர் மேப்பிள் மரத்தில். பட்டறைக்கு வரும்போது அது ஒரு அங்குலத் தடிமனில் ஒரு உருளைக் கட்டை. முனையில் அது 13 மி.மீ.க்கு இளைக்க வேண்டும். ஒரே மூச்சில் கடைந்தால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் ஒரு பக்கமாக விடுபட்டு, சில நாளில் ஷாஃப்ட் வில்லாக வளைந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் எடுப்பார்கள். பிறகு நிமிர்த்தித் தொங்கவிட்டுச் சில வாரம் தொடமாட்டார்கள். மரம் எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ போகும். அடுத்த கடைசலில் மையத்தை மறுபடி பிடித்துச் சரி செய்வார்கள். எட்டு, பத்துத் தடவை இப்படி. ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஆகும், பாதி வழியில் கோணிப்போனதை ஈவிரக்கமில்லாமல் ஒதுக்கிவிடுவார்கள். சொல்லிச் செய்யும் கியூவின் விலையில் பெரிய பங்கு இந்தக் காத்திருப்புக்கும் இந்தக் கழிவுக்கும்தான் போகிறது. கல் இழைத்ததற்கும் முத்துச்சிப்பி பதித்ததற்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஷாஃப்ட் கைக்கு வந்ததும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் ரேகை நேர்க்கோடாக ஓடும். மற்ற இரண்டு பக்கங்களில் அம்பு முனைகளை அடுக்கியது போலத் தெரியும். நேர்க்கோடு தெரியும் பக்கத்தில் நடுவில் உள்ள ஒரு கோட்டை ஜாயின்டில் பிடித்து, விரலை முனை வரை ஓட்டுங்கள். அது பக்கவாட்டில் நழுவி ஓரத்தில் இறங்காமல் கடைசி வரை நடுவிலேயே வர வேண்டும். நழுவினால் மரத்தின் இழை அங்கே குறுக்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் முதலில் வளையும் இடமும் அதுதான். சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி, மெல்லிய கறுப்புக் கீற்று இருந்தால் கவலைப்படாதீர்கள், அவை மரத்தின் இயல்பான கறைகள், பலத்தைக் குறைக்காது. அங்குலத்துக்கு எத்தனை ரேகை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. நெருக்கமான ரேகை கண்ணுக்கு அழகுதான். ஆனால் கைக்குத் தெரிவது எடை. 29 அங்குல, 13 மி.மீ. ஷாஃப்ட் சுமார் 4 அவுன்ஸ், அதாவது 110 கிராமை ஒட்டி இருந்தால் நல்ல அடர்த்தியான மரம்.

பந்து எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது கியூவின் முன்பகுதிதான். டிப்பும் (ஷாஃப்ட் முனையில் ஒட்டிய தோல்) வெள்ளைப் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அடியின் அதிர்வை உங்கள் கை உணரும்போது பந்து புறப்பட்டுப் போயிருக்கும். பக்கவாட்டு ஸ்பின் கொடுத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து கோட்டை விட்டு விலகும் அளவைத் தீர்மானிப்பது ஷாஃப்டின் கடைசி சில அங்குலங்களின் எடை. 1990களில் பிரிடேட்டர் நிறுவனம் ஷாஃப்டின் முன்முனையைக் குடைந்து எடையைக் குறைத்ததும், பிறகு கார்பன் ஃபைபர் ஷாஃப்டுகள் வந்ததும் இதற்காகவே. ஆகவே குறைந்த விலகல் தரும் ஷாஃப்டில் ஆடிப் பழகிய கை உங்களுடையது என்றால், முழு மேப்பிள் ஷாஃப்ட் முதல் சில மாதம் உங்களைத் தடுமாற வைக்கும். கியூவின் குறை அல்ல அது. குறி வைக்கும் கணக்கு மாறுகிறது. அதைப் பழகிக்கொள்ள மனம் இல்லையென்றால் ஒளிக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பழைய ஷாஃப்ட் மாட்டும்படி ஜாயின்டைச் செய்துகொடுப்பார்.

இனி அளவு. வழக்கமான பூல் கியூ 58 அங்குலம், 29-க்கு 29 என்று இரண்டு துண்டு. உங்களுக்கு அது போதுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வழக்கம்போல் குனிந்து நின்று, முன்கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் எட்டு முதல் பத்து அங்குலம் விட்டு, டிப் பந்தைத் தொடும் நிலையில் அப்படியே நில்லுங்கள். பின்கை முழங்கையிலிருந்து செங்குத்தாகத் தொங்க வேண்டும். அந்த நிலையில் கைக்குப் பின்னால் இரண்டு மூன்று அங்குலமாவது கியூ மிச்சம் இருந்தால் 58 போதும். கை பம்பரில் (கியூவின் பின்முனை ரப்பர்) போய் இடித்தால் 59 அல்லது 60 சொல்லுங்கள். நீளத்தை ஷாஃப்டில் கூட்டச் சொல்லாதீர்கள். 30 அங்குல ஷாஃப்ட் நாளைக்கு வேறொன்று வாங்கும்போது எளிதில் கிடைக்காது. பட்டில், அதாவது கைப்பிடி உள்ள பின் துண்டில், கூட்டுவதே நல்லது.

எடையைப் பற்றி அளவுக்கு மீறி யோசிக்க வேண்டாம். 18.5 முதல் 19.5 அவுன்ஸ், அதாவது 525 முதல் 553 கிராம் வரை பெரும்பாலோர்க்கு ஒத்துவரும். எழுத வேண்டிய முக்கியமான வாக்கியம் இது: எடையை பட்டின் அடியில் போல்ட் அடைத்து ஏற்றாமல் மரத்தைத் தேர்ந்தே கொண்டுவாருங்கள், சமநிலைப் புள்ளி பம்பரிலிருந்து 18 முதல் 19 அங்குலத்தில் இருக்கட்டும். ஒரே எடையுள்ள இரண்டு கியூவில் ஒன்று கைக்குள் மிதப்பது போலவும் இன்னொன்று பின்னால் இழுப்பது போலவும் இருந்தால் காரணம் அந்தப் புள்ளி. இரும்பு ஜாயின்ட் காலர் (ஜாயின்டைச் சுற்றிய வளையம்) போட்டால் புள்ளி முன்னால் நகரும். மரமும் மரமும் நேராக முட்டும் ஜாயின்டில் பின்னால் வரும்.

டிப் அகலம் 12.75 அல்லது 13 மி.மீ. என்று எழுதுங்கள். பந்தின் விட்டம் 57.15 மி.மீ. இதற்கு அந்த அகலம் தாராளமாகப் போதும். முதல் டிப்பை மீடியம் அடுக்குத் தோலாகக் கேளுங்கள். பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டிப்புக்கு அடியில் வரும் வளையமான ஃபெரூலுக்கும் அவர் வழக்கமாகப் போடும் பொருளையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜாயின்டைப் பற்றித்தான் அதிகச் சண்டை நடக்கும். 5/16-14 பின்னும் (இரண்டு துண்டையும் இணைக்கும் திருகு; 5/16 அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 14 மரை) துருப்பிடிக்காத எஃகுக் காலரும் சேர்ந்தது ஒரு பழைய மரபு. 3/8-10 பெரிய மரையை நேராக மரத்தில் ஏற்றுவது இன்னொன்று. ரேடியல் பின் மூன்றாவது, மரை ஆழமில்லாமல் வட்டமாக இருக்கும், மரத்தை அறுக்காது. ஒன்றில் அடி மென்மை, ஒன்றில் கெட்டி என்று சொல்வார்கள். கைக்கும் காதுக்கும் வித்தியாசம் உண்டு, பந்துக்கு இல்லை. எதைத் தேர்ந்தாலும் முகம் சரியான செங்கோணத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஷாஃப்டை முறுக்கிக் கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு முகமும் சுற்றளவு முழுக்க ஒரே நேரத்தில் தொட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் முதலில் தொட்டு மறுபக்கம் முடி அளவு இடைவெளி தெரிந்தால் வேலை சரியில்லை. என் யோசனை, பரவலாகக் கிடைக்கும் பின் ஒன்றைச் சொல்லி, ஆரம்பத்திலேயே இரண்டு ஷாஃப்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஷாஃப்டுக்காக பட்டைக் கடல் கடந்து அனுப்புவது பெரிய தலைவலி.

இப்போது பாயின்ட். சொல்லிச் செய்த கியூவை ரசிக்கத் தொடங்குகிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. கைப்பிடிக்கு மேலே மேப்பிளின் மீது கருங்காலியோ ஈட்டியோ கூர்மையாக ஏறுகிறதே, அது மேலே ஒட்டிய படம் இல்லை. மேப்பிள் கட்டையில் செங்கோண ஆப்பு வடிவத்தில் நீளப் பள்ளம் வெட்டுகிறார்கள். பள்ளம் கீழே ஆழம், மேலே போகப் போக ஆழம் குறைந்து ஒன்றுமில்லாமல் முடியும். சதுரச் சட்டம் ஒன்றின் இரண்டு முகத்தில் நிறம் ஏற்றிய மெல்லிய வெனீர்களை (மரத் தகடுகளை) ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, விளிம்பில் இரண்டு பக்க வெனீரும் சந்திக்கும் கோட்டைச் சீராக இணைத்து, அந்தப் பள்ளத்தில் இறக்குவார்கள். அப்போது பார்த்தால் நான்கு பக்கமும் கட்டை துருத்திக்கொண்டு அலங்கோலமாக இருக்கும். அதை லேத்தில் ஏற்றி உருட்டக் கடையும்போது கூர்முனைகள் தாமாக வெளியே வருகின்றன. வெனீர் அரை மி.மீ. சொச்சம்தான் தடிமன். ஆனால் கடைசல் அதைச் சாய்வாக வெட்டுவதால் முனையில் ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு செ.மீ. நீண்டு ஊசியாக முடியும்.

நான்கு முனையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தின் சரிவு சுமாராக முப்பதுக்கு ஒன்று. லேத்தில் மையம் 0.1 மி.மீ. விலகினால் முனை 3 மி.மீ. நகரும், நம் ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல். ஒரு பாயின்ட் ஒரு நூல் ஏறினால் அதற்கு நேர் எதிரே உள்ளது ஒரு நூல் இறங்கியிருக்கும். அப்படி எதிரெதிராக ஏறி இறங்கி இருந்தால் பள்ளம் வெட்டிய பிறகு அந்தக் கட்டை வளைந்திருக்கிறது, அல்லது மையம் தவறியிருக்கிறது. சின்ன வித்தியாசத்தை மன்னிக்கலாம், கை வேலையில் அது வரும். ஐந்து மி.மீ.க்கு மேல் போனால் மரத்துக்குப் போதிய ஓய்வு கொடுக்கவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மற்ற இணைப்புகளை அவர் எவ்வளவு கவனமாகச் செய்திருப்பார் என்பதற்கும் எனக்குக் கிடைக்கும் சாட்சி இந்த முனைகள்தான். அதனால்தான் பாயின்ட் வைத்த கியூவைப் பரிந்துரைக்கிறேன். அழகு அதற்குப் பிறகு.

கணினி இயந்திரத்தில் பள்ளம் குடைந்து பதித்த பாயின்ட்களும் உண்டு. சுழலும் வெட்டு முனை வட்டம் என்பதால் பாயின்டின் நுனி லேசாக உருண்டிருக்கும். சிலர் கத்தியால் மூலையைச் செதுக்கிக் கூராக்குவார்கள், அது தனித் திறமை. இயந்திரம் என்பதால் மட்டம் என்று எண்ண வேண்டாம், நுணுக்கமான இன்லே (பதிப்பு வேலை) அதில் எளிதாக வரும். பதித்த இடங்களின் ஓரத்தில் பசை நிரப்பிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். கருங்காலியில் பதித்தால் கறுப்புப் பசை ஓட்டையை மறைத்துவிடும். மேப்பிள் போன்ற வெளிர் மரத்தில் பதித்திருந்தால் எதுவும் மறையாது. வெளிர் மரத்தில் சுத்தமாகப் பதிப்பவரே கெட்டிக்காரர்.

முழு ஸ்ப்ளைஸ் என்பது வேறு. கைப்பிடி மரத்தையும் அதற்கு மேலே ஜாயின்ட் வரை வரும் முன்மரத்தையும் விரல்கள் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று நீளமாகச் செருகி ஒட்டுவது. நடுவில் போல்ட் கிடையாது. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்கள் அப்படிச் செய்யப்பட்டவை. பூல் அறைகளில் சுவரில் மாட்டியிருந்த அந்த ஒற்றைத் துண்டுக் கியூவை அறுத்து ஜாயின்ட் வைத்துத்தான் பல பழைய கலைஞர்கள் தங்கள் கியூவைச் செய்தார்கள். 1924-ல் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா வந்த ஜார்ஜ் பலபுஷ்கா 1959-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கியூ செய்யத் தொடங்கியபோது எடுத்ததும் டைட்லிஸ்ட் கட்டைதான். பிறகு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்த கட்டைகளை வாங்கினார். 1975-ல் அவர் காலமானார். இன்று உச்ச விலைக்குப் போகும் அவருடைய கியூக்களில் ஆடம்பரம் குறைவு. நான்கு பாயின்ட், நான்கு நிற வெனீர், ஐரிஷ் லினன் ராப், சில வெள்ளை வட்டங்கள். இடைவெளிகளின் அளவும் நிறங்களின் வரிசையும் பார்க்கப் பார்க்கப் பிடிபடும். முதல் கியூ சொல்லும்போது இந்த அடக்கத்தைப் பின்பற்றுங்கள் என்பேன். தெரிந்த எல்லா அலங்காரத்தையும் ஒரே பட்டில் கேட்டால் ஐந்து வருடத்தில் கண் சலித்துவிடும்.

முழு ஸ்ப்ளைஸ் அல்லாத கியூக்களில் முன்மரமும் கைப்பிடியும் ராப்புக்கு அடியில் ஒரு திருகாலும் பசையாலும் சேர்கின்றன. அங்கே பசை இல்லாத வெற்றிடம் இருந்தால் அடிக்கும்போது ரீங்காரம் கேட்கும். நவீனப் பட்டறைகளில் பலர் முன்மரத்தின் நடுவைத் துளைத்து, சுமார் முக்கால் அங்குல நேர் இழை மேப்பிள் தண்டைச் செருகிவிடுகிறார்கள். முடிச்சும் சுழலுமாக இருக்கும் அழகான பர்ல் மரத்துக்கு இது அவசியம், ஏனென்றால் அழகு தரும் அந்தச் சுழலே வளைவையும் தரும். கருங்காலி போன்ற கனத்த மரத்தின் எடையையும் இது குறைக்கும். உங்கள் பட்டில் இது உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரத் தேர்வில் நமக்குத் தெரிந்த பெயர்களே வரும். எபோனி என்பது கருங்காலி. இந்தியன் ரோஸ்வுட் என்பது ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். கருங்காலி கறுப்புத் தந்தம் போல மெருகேறும், ஆனால் சரியாக உலராவிட்டால் வெடிக்கும். வருடக்கணக்கில் உலர்ந்ததா என்று கேளுங்கள். ஈட்டி அவ்வளவு அடம் பிடிக்காது, அடியில் இனிய ஒலி தரும். பறவைக் கண் மேப்பிளில் கண்கள் நெருக்கமாகவும் பரவலாகவும் இருப்பதே நல்ல கட்டை. சட்டத்தையும் மறக்காதீர்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஈட்டி உட்பட அந்த இனத்தின் மற்ற மரங்கள் 2017 முதல் இரண்டாம் பட்டியலில். எல்லை தாண்டும் மரத்துக்குத் தாள் தேவைப்படலாம், செய்பவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். யானைத் தந்தம் வேண்டவே வேண்டாம். அமெரிக்கா 2016-ல் அதன் வணிகத்தை ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது, இந்தியாவில் அது குற்றம். பழைய கியூக்களின் ஃபெரூலிலும் ஜாயின்டிலும் தந்தம் இருப்பது சகஜம். விற்பவரிடம் இதைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

ராப்பைப் பொறுத்தவரை, அழுத்தி மெருகேற்றிய ஐரிஷ் லினன் வியர்வையை உறிஞ்சும், பிடி நழுவாது. சென்னை போலக் கடற்கரை ஊரில் ஓரிரு வருடத்தில் கறுத்துவிடும், மாற்றிச் சுற்ற ஆள் வேண்டும். தோல் நீண்ட நாள் உழைக்கும். ராப் இல்லாமலும் செய்யலாம், மரத்தின் ஓட்டம் முழுதாகத் தெரியும். வியர்க்கும் கைக்கு ஏற்றதல்ல.

பழைய கியூவைப் பார்க்கப் போனால் ஒரு கண்ணாடி மேசை இருக்கும் இடத்துக்குப் போங்கள். முதலில் பட்டைத் தனியாக உருட்டுங்கள், பிறகு ஷாஃப்டைத் தனியாக, கடைசியில் இரண்டையும் சேர்த்து. தனித்தனியே நேராக உருண்டு, சேர்த்தால் ஆடினால் குறை ஜாயின்ட் முகத்தில். அது சரி செய்யக்கூடியது. பட் தனியாகவே ஆடினால் விட்டுவிடுங்கள். அடுத்து பம்பரைக் கழற்றி உள்ளே எடை போல்ட் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். இறுக்கிய பிறகு, பட்டை இரண்டு விரலில் தளர்வாகத் தொங்கவிட்டு உள்ளங்கையால் தட்டுங்கள். சுத்தமான மணி போன்ற ஒலி வர வேண்டும். அப்போதும் ரீங்காரம் வந்தால் ராப்புக்கு அடியில் இணைப்பு விட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களின் மீதும் இன்லே ஓரங்களின் மீதும் நகத்தை ஓட்டுங்கள். லேசான மேடு தட்டினால் மரம் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிந்திருக்கிறது. வயதான கியூவில் இது இயல்பு. நகம் ஆழமாக மாட்டினால் விரிசல்.

ஜாயின்டில் ஷாஃப்டும் பட்டும் சேரும் இடத்தில் படி இருக்கிறதா என்று கட்டாயம் தடவிப் பாருங்கள். ஷாஃப்ட் பருத்தும் பட் மெலிந்தும் இருந்தால் பட்டைச் சுரண்டி மறுபடி மெருகு போட்டிருக்கிறார்கள், அல்லது ஷாஃப்ட் அசல் இல்லை. மறு மெருகால் ஆட்டத்துக்குக் கேடில்லை. பழமைக்கான விலை மட்டும் கணிசமாகக் குறைய வேண்டும். ஷாஃப்ட் முனையை வெர்னியரில் அளந்து 12.3 மி.மீ. என்றால் பல தடவை மணல்தாள் தேய்த்திருக்கிறது, டேப்பர் (படிப்படியாக இளைக்கும் வடிவம்) போயிருக்கும். பெரிய பெயர் சொல்லி விற்கும் கியூக்களில் போலி நிறைய. பலபுஷ்கா பெயரிலேயே தொழிற்சாலைக் கியூக்களும் பின்னாளில் வந்தன, பெயர் பொறித்திருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. அந்தக் கலைஞரின் கியூக்களை வருடக்கணக்கில் கையாண்ட ஒருவரின் எழுத்துபூர்வச் சான்று இல்லாமல் பெயருக்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டில் எது என்றால், நீங்கள் ஆடுவதற்கு வாங்குகிறீர்கள் என்பதால் சொல்லிச் செய்வதையே தேர்ந்தெடுங்கள். முன்பணம் அனுப்பும் நாளில் மொத்த நீளம், எடையும் அதில் அரை அவுன்ஸ் விலகலும், சமநிலைப் புள்ளி, பின் வகை, டிப் அகலம், முன்மரம், பாயின்ட் எண்ணிக்கை, வெனீர் நிறங்கள் உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில், ஷாஃப்ட் இரண்டு, தந்தம் கிடையாது, முடியும் தேதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதி அவருடைய ஒப்புதலை வாங்குங்கள். ஜெர்ரி ஃபிராங்க்ளின் லாஸ் வேகாஸில் தொடங்கிய சவுத் வெஸ்ட் பட்டறையில் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தவர்கள் உண்டு. உங்கள் கைவினைஞர் ஒன்றரை வருடம் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். கியூ வந்ததும் பெட்டியைத் திறந்து உடனே முறுக்கி ஆட வேண்டாம். ஜாயின்டுகளில் மரை மூடியைப் போட்டபடியே உறைக்குள் ஒரு வாரம் வீட்டுக் காற்றில் கிடக்கட்டும். அதற்குப் பிறகு உருட்டிப் பார்த்து, குறை தென்பட்டால் அன்றைக்கே படம் எடுத்து அனுப்புங்கள்.